மீன்தலைக் கறியும் மஸ்கதேயும்

ரேஸ் கோர்ஸ் சாலையில் இப்போது குதிரைகள் இல்லை. 1843-ல் சிங்கப்பூரின் முதல் பந்தயம் நடந்த திடல் இங்கேதான் இருந்தது; 1933-ல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கு இடம்பெயர்ந்தது. இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பிறகும் அந்தப் புல்வெளி வேறு பலவற்றையும் பார்த்துவிட்டது. 1911-ல் ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியர் சிங்கப்பூர் வானில் முதன்முதலாக விமானம் ஓட்டியது இங்கிருந்துதான். 1919 டிசம்பரில், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்துகொண்டிருந்த ராஸ் ஸ்மித்தின் விமானம் இங்கே இறங்கியது. 1942 பிப்ரவரி 17 அன்று, பிரிட்டிஷார் சரணடைந்து இரண்டு நாள் கழித்து, 40,000-க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்ததும் இதே திடலில். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கே தொடங்குகிறது. நகராட்சித் தலைவராக இருந்த ஃபேரர் என்ற ஆங்கிலேயரின் பெயர் திடலுக்கும் வட்டாரத்துக்கும் நிலைத்துவிட்டது.

இன்றைக்கு வடகிழக்குத் தடத்தில் லிட்டில் இந்தியாவுக்கு அடுத்த நிலையம் ஃபேரர் பார்க். வெளியே வந்து நின்றால் சிராங்கூன் சாலைப் பக்கம் ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலின் கோபுரம். தைப்பூசக் காவடிகள் புறப்படும் கோயில் அது. அந்தக் கோயிலின் தொடக்கம் 1855 என்பார்கள். பாரிஸ் கண்காட்சிக்காக போர்தோ வட்டாரத்து ஒயின்களை முதல் தரம், இரண்டாம் தரம் என்று ஐந்து படிகளாக அடுக்கிய புகழ்பெற்ற பட்டியலும் அதே 1855-ல்தான் வந்தது. இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அந்தக் கோபுரத்தடியில் நின்றபோது எனக்கு அது நினைவுக்கு வந்தது, ஏனென்றால் நான் வந்த வேலையே ஒயின்களைத் தரம் பிரிப்பதுதான்.

நான் புதுச்சேரிக்காரி. எங்கள் பெரியப்பா பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் தட்டில் வஞ்சிரக் குழம்பு இருக்கும். தட்டுக்குப் பக்கத்தில் சின்ன கிளாசில் சிவப்பு ஒயின் இருக்கும். பிரான்சில் பழகிய பழக்கம். முதல் வாய்க் குழம்புக்குப் பிறகு ஒயினைக் குடித்ததும் அவர் முகம் சுருங்கும். ஆனாலும் விடமாட்டார். ஏன் சுருங்குகிறது என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அரிக்கமேட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவளுக்கு ஒயின் அந்நியச் சரக்கு அல்ல. 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் அருந்துவதைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாடியிருக்கிறார். அந்த மதுவோடு மதுரையில் என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான் எனக்கு எப்போதும் உள்ள கேள்வி. ஒயினைப் பற்றி எழுதப்பட்ட புத்தகங்கள் எல்லாம் வெண்ணெயும் கிரீமும் சேர்ந்த சாப்பாட்டை நினைத்தே மதிப்பெண் போடுகின்றன. புளியும் மிளகாயும் கறிவேப்பிலையும் சேர்ந்த சாப்பாட்டுக்கு முன்னால் அந்த மதிப்பெண் எவ்வளவு தாங்கும்?

இதைச் சோதிக்க ஃபேரர் பார்க்கைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பிரெஞ்சு ஒயின் இங்கே சாதாரணப் பேரங்காடியிலேயே கிடைக்கும். ரேஸ் கோர்ஸ் சாலையில் முத்துஸ் கறியும் பனானா லீஃப் அப்போலோவும் மீன்தலைக் கறியைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைக்கிறார்கள். மீன்தலைக் கறி நம் ஊர் உணவு என்று பலர் நினைக்கிறார்கள். அது சிங்கப்பூரில் பிறந்தது. 1949-ல் கேரளத்துக்காரரான கோமஸ் என்பவர், சீன வாடிக்கையாளர்கள் மீன்தலையை விரும்பி உண்பதைப் பார்த்து, அதை நம் குழம்பில் போட்டுக் கொடுத்தார். மலாயில் ஈக்கான் மேரா என்று சொல்லும், நம் சங்கரா இனத்து மீனின் பெரிய தலை. கூடவே வெண்டைக்காய், கத்தரிக்காய், தக்காளி, சில கடைகளில் அன்னாசி. குழம்பின் உயிர் புளி.

ஓவன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில் நண்பர் குடும்பம் இருக்கிறது. அண்ணன் சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்து, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணிக்குச் சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன், "நம்ம வீட்லயே வைப்போம்மா. கடைக்குக் கொண்டுபோனா பாட்டிலுக்குக் கார்க்கேஜ் கட்டணும். கறிய மட்டும் வாங்கியாந்துருவோம்" என்று முடிவே செய்துவிட்டார்.

முதலில் கடைக்குப் போனோம். சிங்கப்பூரில் ஒயின் விலையைப் புரிந்துகொள்ள வரியைப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே ஒயினுக்கு உற்பத்தி வரி விலையைப் பார்த்துப் போடுவதில்லை. உள்ளே இருக்கும் ஆல்கஹாலைப் பார்த்துப் போடுகிறார்கள். ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 88 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 2014 வரை அது 70 வெள்ளியாக இருந்தது. 750 மில்லி பாட்டிலில் 13 சதவீத ஆல்கஹால் என்றால் வரி 8 வெள்ளி 58 காசு. அதற்கு மேல் 9 சதவீதப் பொருள் சேவை வரி.

இந்தக் கணக்கை அலமாரி முன்னால் நின்று போட்டுப் பாருங்கள். 20 வெள்ளி பாட்டிலில் இரண்டு வரியும் போக மிஞ்சுவது 9 வெள்ளி 77 காசு. அதற்குள்தான் கடைக்காரர் லாபம், இறக்குமதியாளர் லாபம், கப்பல் கூலி, கண்ணாடி, தக்கை, கடைசியாக ஒயின். 30 வெள்ளி பாட்டிலில் மிஞ்சுவது 18 வெள்ளி 94 காசு. நாம் கொடுப்பது ஒன்றரை மடங்கு. வரி போக மிஞ்சுவதோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே சிங்கப்பூரில் ஆகக் குறைந்த விலைப் பாட்டிலை எடுப்பவர் பெரும்பாலும் வரியைத்தான் குடிக்கிறார். 25 முதல் 35 வெள்ளிக்குள் எடுப்பது புத்திசாலித்தனம். இன்னொன்றும் இந்தக் கணக்கில் தெரிகிறது. 11.5 சதவீத ஒயினுக்கு வரி 7 வெள்ளி 59 காசு, 14.5 சதவீத ஒயினுக்கு 9 வெள்ளி 57 காசு. மென்மையான ஒயினுக்கு இரண்டு வெள்ளி சலுகை கிடைக்கிறது. அது நம் சாப்பாட்டுக்கும் நல்லது என்பது பிறகு தெரிந்தது.

வாங்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2013 டிசம்பர் 8 இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் நம் ஊர்த் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததையடுத்து லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்தது. அதையடுத்து 2015 ஏப்ரல் முதல் புதிய மதுச் சட்டம் வந்தது. சிங்கப்பூர் முழுவதும் இரவு 10.30 முதல் காலை 7 வரை கடையில் மது வாங்கிக்கொண்டு போக முடியாது; பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் சிறப்புக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். வாரக் கடைசியில் அங்கே இன்னும் கடுமை: பொது இடத்தில் குடிக்கவே கூடாது, மாலை 7 மணிக்கே விற்பனை நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் கட்டுமானத் தொழிலாளிகளுக்கு ஒரே விடுமுறை. அந்த ஒரு நாளில் புல்தரையில் உட்கார்ந்து ஊர்க்காரனோடு ஒரு பீர் குடிக்க அவர்களுக்கு வழியில்லை. ஒன்பதாம் தளத்தில் சொந்த வீடு உள்ளவருக்கு அந்தச் சட்டத்தால் ஒரு குறையும் இல்லை. இதை அண்ணனிடம் சொன்னேன். "அமைதி வேணும்தான். ஆனா அந்தப் பிள்ளைங்களுக்கு உக்கார ஒரு எடம் வேணும்ல" என்றார். எனக்கும் அதே கருத்துதான்.

எட்டுப் பாட்டில்கள் வாங்கினோம். வெள்ளையில் நான்கு: லுவார் ஆறு கடலில் சேரும் நாந்த் நகரத்துப் பக்கம் விளையும் மஸ்கதே, தென்மேற்கில் கோட் த காஸ்கோன், ஜெர்மன் எல்லையோரத்து அல்சாஸிலிருந்து கெவுர்ட்ஸ்டிராமினர், தெற்குக் கடற்கரைப் பகுதியான பே தோக்கிலிருந்து ஓக் பீப்பாயில் வைத்த ஷார்டனே. சிவப்பில் நான்கு: சாதாரண போர்தோ, கோட் து ரோன், போஜோலே வில்லாஜ், ஷினோன். எந்தப் பாட்டிலும் 35 வெள்ளியைத் தாண்டவில்லை. உற்பத்தியாளர் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பாட்டிலை வைத்து ஒரு வீட்டாரின் உழைப்பை எடைபோடுவது நியாயமில்லை. பகுதியும் திராட்சையும் செய்முறையும் தெரிந்தால் வாசகர் தாமே கடையில் கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

பாட்டில்களைத் தமிழ் முரசு நாளிதழ்த் தாள்களில் சுற்றி எண் போட்டது அண்ணி. அவர் குடிப்பதில்லை. ஆகவே ஊற்றும் பொறுப்பும் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி எடுக்கும் பொறுப்பும் அவருக்கு. சுவைத்தவர்கள் நான்கு பேர்: அண்ணன், நான், வேலை அனுமதியில் வந்து இங்கே பொறியாளராக இருக்கும் தஞ்சாவூர்த் தம்பி ஒருவர், பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி. ஆன்ட்டிக்கு நாற்பது வருடமாக அண்ணி கைக்குழம்பு பழக்கம். காரத்தில் எங்களில் யாருக்கும் அவர் இளைத்தவர் இல்லை. துப்புவதற்கு ஆளுக்கொரு குவளை வைத்திருந்தோம். எட்டு ஒயினையும் விழுங்கினால் ஐந்தாவதற்குப் பிறகு போடும் மதிப்பெண்ணுக்கு அர்த்தம் இருக்காது.

லேபிளை மறைப்பது வெறும் சடங்கு இல்லை. 2001-ல் போர்தோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 54 பேருக்கு, நிறமி கலந்து சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்கே உரிய சொற்களால் வர்ணித்தார்கள். மூக்கு சொல்வதைக் கண் அப்படி மாற்றுகிறது என்றால் விலைச்சீட்டு என்னதான் செய்யாது? 1976 மே 24 அன்று ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் பாரிஸில் நடத்திய சோதனையில் பிரெஞ்சு நடுவர்களே லேபிள் பார்க்காமல் கலிஃபோர்னியா ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்ததும் இதனால்தான்.

மதிப்பெண் முறையில் கொஞ்சம் விவாதம் நடந்தது. தம்பி நூற்றுக்குப் போடலாம் என்றார். நூறு மதிப்பெண் முறையை உலகெங்கும் பரப்பியவர் அமெரிக்கர் ராபர்ட் பார்க்கர். 1978-ல் அவர் தொடங்கிய 'வைன் அட்வகேட்' இதழ் ஒரு ஒயினுக்கு 90-க்கு மேல் போட்டால் அதன் விலை ஏறும், 85 போட்டால் கிடங்கிலேயே கிடக்கும். அந்த இதழின் பெரும்பங்கை 2012-ல் வாங்கியவர்கள் சிங்கப்பூர் முதலீட்டாளர்கள். பிறகு 2019-க்குள் அது முழுவதுமாக மிஷலின் நிறுவனத்திடம் போய்விட்டது. சில வருடங்கள் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களின் தலையெழுத்தை எழுதிய பேனா இந்தத் தீவுக்காரர்களின் சட்டைப்பையில் இருந்தது. ஆனால் அந்த முறையில் எண்ணிக்கை 50-ல்தான் தொடங்கும். நடைமுறையில் எல்லாமே 84-க்கும் 95-க்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பழைய 20 மதிப்பெண் முறை எனக்கு நேர்மையாகப் படுகிறது. அதையே எடுத்துக்கொண்டோம். ஒரே ஒரு மாற்றம்: ஒவ்வொரு ஒயினுக்கும் இரண்டு மதிப்பெண். ஒன்று வெறும் வாயில், இன்னொன்று குழம்போடு.

ஒயினின் சூட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. அவை சொல்லும் அறை ஐரோப்பியக் கல்வீட்டு அறை. 16, 18 டிகிரி. சிங்கப்பூர் வரவேற்பறையில் மாலை ஆறு மணிக்கு 29 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டும் மூக்கைக் குத்தும், பழ வாசனை அமுங்கிப்போகும். சிவப்புப் பாட்டில்களை முக்கால் மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தோம். சென்னையிலும் மதுரையிலும் புதுச்சேரியிலும் ஒயின் குடிப்பவர்கள் இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பாட்டில்கள் இரண்டு மதிப்பெண் கூடுதலாக வாங்கும்.

முதல் சுற்று, வெறும் வாயில். முடிவு எந்த ஒயின் புத்தகத்தோடும் ஒத்துப்போகும். ஓக் ஷார்டனேக்கு 14.5, போர்தோவுக்கும் ரோனுக்கும் 14. அல்சாஸ் 13. காஸ்கோனுக்கு 12.5, போஜோலேக்கு 12, ஷினோனுக்கு 11.5. கடைசியில் மஸ்கதே, 11. "வெறும் எலுமிச்சைத் தண்ணி மாதிரி இருக்குக்கா, வாசனையே இல்ல" என்றார் தம்பி. ஆன்ட்டி இன்னும் கறாராக 9 போட்டிருந்தார்.

பிறகு கறி வந்தது. அண்ணன் கையில் இரண்டு டப்பா: மீன்தலைக் கறி ஒன்றில், மைசூர் மட்டன் ஒன்றில். அண்ணி சோறு வடித்து, ரசமும் வெண்டைக்காய்ப் பொரியலும் வைத்திருந்தார். மீன்தலையின் கன்னத்துச் சதையைப் பிய்த்து, குழம்பில் தோய்த்து, சோற்றோடு ஒரு வாய். பிறகு ஒயின்.

போர்தோ முதல் வாயிலேயே விழுந்தது. பெரியப்பாவின் முகச்சுருக்கம் என் முகத்தில் வந்ததை நானே உணர்ந்தேன். நாக்கில் இரும்பு, துருப்பிடித்த குழாய்த் தண்ணீரின் நாற்றம், அதன் மேல் அழுகின மீனின் நெடி. மீன் அன்று காலை வந்தது, துளி பழுதில்லை. காரணத்தை ஜப்பானிய ஒயின் நிறுவனமான மெர்சியானின் ஆய்வாளர்கள் 2009-ல் கண்டுபிடித்தார்கள். சிப்பிச் சதையோடு பல ஒயின்களைச் சுவைக்க வைத்துப் பார்த்ததில், ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு மீன் நாற்றம் கூடியது. மீன் கொழுப்பை இரும்பு அந்த நொடியிலேயே சிதைத்து அந்த நெடியை உண்டாக்குகிறது. சிவப்பு ஒயின்களில் பெரும்பாலும் இரும்பு அதிகம். புதுச்சேரியில் ஒரு மனிதர் வருடக்கணக்காக ஞாயிறுதோறும் அனுபவித்ததற்கு இவ்வளவு எளிய விளக்கம் இருந்திருக்கிறது.

இரும்பு மட்டுமில்லை. சிவப்பு ஒயினில் துவர்ப்பு உண்டு. திராட்சைத் தோலிலும் கொட்டையிலும் இருந்து வருவது. அது எச்சிலில் உள்ள வழவழப்பான புரதத்தைப் பிடித்து இழுத்துவிடும். மிளகாய் ஏற்கெனவே எரியவிட்ட வாயில் அந்த வழவழப்பும் போனால் எரிச்சலுக்குத் தடுப்பே இல்லை. கூடவே ஆல்கஹால். மிளகாயின் காரத்தை நாம் உணர்வது நரம்பில் உள்ள ஓர் உணர்வியால். அதைக் கண்டறிந்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சூட்டை உணர்வதும் அதே உணர்விதான். சாதாரணமாக 42 டிகிரிக்கு மேல்தான் அது விழித்துக்கொள்ளும். ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்கிறது என்று 2002-ல் ஓர் ஆய்வு காட்டியது. வாயின் சொந்தச் சூடே அதைவிட அதிகம். ஆகவே 14.5 சதவீத ஒயினைக் காரக் குழம்போடு குடிப்பவர் குழம்புக்குள் இன்னும் நாலு மிளகாயைக் கிள்ளிப்போடுகிறார் என்றே அர்த்தம். குழம்போடு போர்தோவுக்கு 7 விழுந்தது. ரோனுக்கு 9. ஓக் ஷார்டனே வெள்ளைதான், ஆனாலும் அதற்கும் 9-தான். வெண்ணெயும் மரமுமாக வாசம் வீசிய அந்த ஒயின் புளிக்கு முன்னால் உப்புச்சப்பில்லாமல் சரிந்துவிட்டது.

அப்போதுதான் மஸ்கதே எழுந்தது. எந்தப் பாட்டில் எது என்று அண்ணியைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆறாம் எண்ணைக் குடித்ததும் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அண்ணன் மறுபடி ஊற்றச் சொன்னார். கடல் உப்பின் சாயல், கூர்மையான புளிப்பு, அதன் பின்னால் ரொட்டி மாவின் மெல்லிய வாசம். குழம்பின் எண்ணெயைக் கழுவி, மீனின் இனிப்பை வெளியே கொண்டுவந்தது. வெறும் வாயில் 9 போட்ட ஆன்ட்டி இப்போது 17 போட்டார். சராசரி 16.

இது தற்செயல் இல்லை. திராட்சையின் முதன்மையான அமிலம் டார்டாரிக் அமிலம். பழங்களில் அது இவ்வளவு மிகுதியாக இருப்பது அபூர்வம். ஆரஞ்சிலும் எலுமிச்சையிலும் சிட்ரிக், ஆப்பிளில் மாலிக். டார்டாரிக் அமிலம் நிறைந்த இன்னொரு பழம் நம் புளி. லுவார் ஆற்றங்கரைத் திராட்சையும் புளியங்காயும் ஒரே அமிலத்தால் புளிக்கின்றன. நாக்கு புளிக்குப் பழகியவுடன் அடுத்து வரும் புளிப்பு குறைவாகத் தெரியும். அதனால் புளிப்பு குறைந்த ஒயின் சப்பென்று ஆகிவிடும். வெறும் வாயில் பல் கூசவைத்த ஒயினோ பழமும் சதையுமாகத் திறந்துகொள்ளும். புளி போட்டுச் சமைக்கும் வீட்டுக்குப் புளிப்பான ஒயின்தான் உறவு. பிரான்சில் சிப்பிக் கடைகளில் சாதாரணமாக ஊற்றப்படும் இந்த மஸ்கதேயை எந்தப் பெரிய விமர்சகரும் உச்சியில் வைக்கமாட்டார். அதற்குப் பெரிய வரலாறும் இல்லை. 1709-ன் கொடும்பனியில் நாந்த் பகுதித் திராட்சைக் கொடிகள் செத்துப்போனபின், குளிர் தாங்கும் என்பதற்காகப் பரவலாக நட்ட மெலோன் என்ற திராட்சை அது. குளிர்காலம் முழுவதும் அடியில் படிந்த ஈஸ்ட் கசடோடு ஒயினை அப்படியே விட்டுவைப்பார்கள். ரொட்டி வாசம் அங்கிருந்து வருகிறது. லேபிளில் 'சூர் லி' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கிடைக்காவிட்டால், தெற்கே தோ கடற்கழிக்கரையில் விளையும் பிக்பூல் த பினே அதே வேலையைச் செய்யும்.

காஸ்கோனும் நன்றாகவே நின்றது, 15. முன்பு அர்மான்யாக் பிராந்தி காய்ச்ச வளர்த்த கொலோம்பார், உனி பிளாங் திராட்சைகள் அவை; பிராந்திக்கு அமிலம் அதிகமாகவும் ஆல்கஹால் குறைவாகவும் உள்ள ஒயின் தேவை என்பதால் இயல்பிலேயே இலகுவானவை. வரியும் குறைவு, விலையும் குறைவு. வாரத்தில் ஒரு நாள் சாப்பாட்டோடு திறக்க இதைத்தான் சொல்வேன்.

அல்சாஸ் கெவுர்ட்ஸ்டிராமினரைப் பற்றிக் கொஞ்சம் கருத்து வேறுபாடு வந்தது. காரமான ஆசிய உணவுக்கு இனிப்பு சாயல் உள்ள வெள்ளைதான் என்று கடைக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள். லைச்சியும் ரோஜாவுமாக மணக்கும் அந்த ஒயின் வெண்டைக்காய்ப் பொரியலோடும் வெறும் மிளகாய்க் காரத்தோடும் அருமையாகச் சேர்ந்தது. புளிக்குழம்போடு சேரும்போது பாயசத்தையும் குழம்பையும் ஒரே வாயில் வைத்ததுபோல எனக்குப் பட்டது. ஆன்ட்டிக்கோ அதுதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது, 18 போட்டார். அன்னாசி போட்ட மீன்தலைக் கறியில் வளர்ந்த நாக்கு அவருடையது. சராசரி 14.5. அவர் சொல்வதையும் மதித்து, அன்னாசி சேர்க்கும் கடைகளில் வாங்கும் கறிக்கு இதைப் பரிந்துரைக்கிறேன்.

சிவப்பில் மீனுக்கு முன்னால் நன்றாக நின்றது போஜோலே மட்டும்தான், 13.5. அதன் காமே திராட்சையை 1395-ல் பர்கண்டிப் பிரபு துணிச்சல்கார ஃபிலிப் தம் மண்ணிலிருந்து பிடுங்கியெறியச் சொல்லி ஆணையிட்டார். தரம் குறைந்தது என்பது குற்றச்சாட்டு. அது தெற்கே கருங்கல் குன்றுகளில் தங்கிவிட்டது. அங்கே குலைகளை மசிக்காமல் முழுசாகத் தொட்டியில் போட்டுப் புளிக்கவிடுவதால் துவர்ப்பு அதிகம் இறங்குவதில்லை. நன்றாகக் குளிரவைத்தால் நம் சாப்பாட்டோடு ஒத்துப்போகும் முதல் சிவப்பு இதுதான். ஷினோனுக்கு 12, ரசத்தின் மிளகோடு சேரும்போது மட்டும் அது ஒரு கணம் பிரகாசித்தது.

தாள்களைப் பிரித்துப் பார்த்தபோது தம்பிக்குத்தான் அதிக வியப்பு. நிறுவன விருந்துகளில் போர்தோ ஊற்றுவதே மரியாதை என்று அவர் பார்த்திருக்கிறார். சாதாரண போர்தோவின் இன்றைய நிலைமை வேறு. 1960-களில் ஒரு பிரெஞ்சுக்காரர் வருடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் ஒயின் குடித்தார். இப்போது அதில் பாதிகூட இல்லை. குறைந்தது பெரும்பாலும் சிவப்பு. 2023-ல் பிரெஞ்சு அரசு உபரி ஒயினை வடித்துத் தொழிற்சாலை ஆல்கஹாலாக்க 200 மில்லியன் யூரோ ஒதுக்கியது. போர்தோவில் மட்டும் ஏறக்குறைய 9,500 ஹெக்டேர் கொடிகளைப் பிடுங்க உதவித்தொகை அறிவித்தது. 1855 பட்டியலில் உள்ள மாளிகைகளுக்கு இதனால் ஒன்றுமில்லை. பட்டியலுக்கு வெளியே உள்ள சிறு விவசாயிகள்தான் கொடியைப் பிடுங்குகிறார்கள். அவர்கள் ஒயினை 7 மதிப்பெண்ணோடு விட்டுவிட எனக்கு மனமில்லை.

மைசூர் மட்டன் டப்பா இன்னும் திறக்கவில்லை. வெங்காயமும் மிளகும் மசாலாவும் சுருளச் சுருள வதக்கிய ஆட்டுக்கறி, புளி இல்லை. போர்தோவையும் ரோனையும் மறுபடி ஊற்றச் சொன்னேன். அண்ணி, "மூணாவது மார்க்குக்குத் தாள்ல எடமில்லையே" என்றார்; ஓரத்தில் கோடு கிழித்து இடம் செய்தார். ஆட்டுக் கொழுப்பும் புரதமும் வந்தவுடன் துவர்ப்பு எச்சிலை விட்டுவிட்டு அவற்றைப் பிடித்துக்கொண்டது. மீனோடு துருவாக இருந்த போர்தோ இப்போது கருந்திராட்சையும் தோலும் புகையுமாக விரிந்தது, 13.5. கிரனாஷும் சிராவும் கலந்த ரோனில் இயல்பாகவே ஒரு மிளகு வாசம் உண்டு. அது மசாலாவின் மிளகோடு போய்ச் சேர்ந்தது. அண்ணன் எலும்பை உறிஞ்சிவிட்டு ஒரு வாய் குடித்தார், பேனாவை வாங்கி 17 என்று எழுதினார். ரோனின் சராசரி 15.5.

மறுநாள் மாலை அண்ணனும் நானும் அதே கடைக்குப் போனோம். மஸ்கதே 29 வெள்ளி, ரோன் 31 வெள்ளி. மீனுக்கு இரண்டு பாட்டில், கறிக்கு ஒன்று என்று அண்ணனே எடுத்துக் கூடையில் வைத்தார்.